காப்பீட்டு முகவர் ஆகலாமா? மும்பைத் தமிழர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறேன். 2004 டிசம்பரில் ஆயுள் காப்பீட்டு ஏஜென்சி எடுத்தேன். பின்னால் மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக்கொண்டேன். கல்யாணப் பந்தியிலோ, கோயில் கொடையிலோ, சயான் ஸ்டேஷன் படிக்கட்டிலோ யாராவது கையைப் பிடித்து நிறுத்தி, "நானும் ஏஜென்ட் ஆகலாமா?" என்று கேட்காத மாதம் இல்லை. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் சொல்லிலேயே எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நான் இதே தொழிலில் இருப்பவன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆள் சேர்த்துவிட்டால் எனக்குப் பைசா கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் ஆனால் மாதச் சம்பளம் உண்டா, அண்ணாச்சி?

கிடையாது. விற்ற பாலிசிக்குக் கமிஷன், அவ்வளவுதான். பி.எஃப். இல்லை, விடுப்பு இல்லை. ரயில் பாஸ், ஜெராக்ஸ், போன், வாடிக்கையாளருக்கு வாங்கிக் கொடுக்கும் டீ எல்லாம் நம் பையிலிருந்து போகும். உங்களைச் சேர்க்கும் வளர்ச்சி அதிகாரி "நீங்களே உங்களுக்கு முதலாளி" என்று சொல்வார். உண்மைதான், சம்பளம் கொடுக்க வேண்டிய முதலாளியும் நீங்களேதான்.

பெண்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. எல்.ஐ.சி.யின் பீமா சகி திட்டம் 2024 டிசம்பர் 9 அன்று பானிபட்டில் தொடங்கப்பட்டது. பத்தாவது தேறிய, 18 முதல் 70 வயது வரையுள்ள பெண்களுக்கு முதல் ஆண்டு மாதம் 7,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு 5,000 உதவித்தொகை உண்டு. கமிஷன் தனி. விற்ற பாலிசிகளில் பெரும்பகுதி நடப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருவதால், கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படியுங்கள்.

பத்தாவதுதான் படித்திருக்கிறேன். தேர்வைத் தமிழில் எழுத முடியுமா?

பத்தாவது போதும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். கம்பெனி கொடுக்கும் பயிற்சியை முடித்துவிட்டு ஐ.சி. 38 என்ற தேர்வை எழுத வேண்டும்: கணினியில் 50 கேள்விகள், ஒரு மணி நேரம், கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பாடப்புத்தகம் தமிழிலும் இருக்கிறது, தேர்வையும் தமிழில் எழுதலாம். அந்தப் புத்தகத்தைத் தயாரிக்கும் இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியாவின் (எல்.ஐ.சி. அல்ல, காப்பீட்டுப் படிப்புக்கான நிறுவனம்) தலைமையகம் நம் தாராவிக்கு எதிர்க்கரையில், பாந்த்ரா-குர்லா வளாகத்தில்தான் இருக்கிறது.

தமிழ்ப் புத்தகத்தின் நடை கொஞ்சம் கரடுமுரடு. ஆங்கிலக் கலைச்சொல்லைப் பக்கத்தில் குறித்துக்கொண்டு படித்தால் சிரமமில்லை. இந்தத் தேர்வில் தோற்று ஒதுங்கியவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. தேறிவிட்டு ஆறே மாதத்தில் ஒதுங்கியவர்கள்தான் ஏராளம்.

எல்லாக் கம்பெனி பாலிசியையும் நானே விற்கலாமா?

முடியாது. ஒரு முகவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்று வகைக்கு ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளலாம். பல கம்பெனிகளின் எளிய பாலிசிகளை விற்க ஆசைப்பட்டால், தரகு நிறுவனத்தின் கீழ் விற்பனை முனை நபராக (பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பர்சன்) சேரும் வழி இருக்கிறது, பயிற்சியும் குறைவு. வண்டிக் காப்பீட்டில் மட்டும் கவனம் வைக்கும் இளைஞர்களுக்கு அது பொருந்தும்.

கையில் எவ்வளவு வரும்? மேடையில் சொல்லும் கணக்கு வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள்.

எல்.ஐ.சி.யில் பல ஆண்டுகளாக இருந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். பதினைந்து ஆண்டோ அதற்கு மேலோ ஓடும் எண்டோமென்ட் பாலிசிக்கு (காப்பீட்டோடு சேமிப்பும் சேர்ந்தது, முதிர்வில் பணம் திரும்ப வரும்) முதல் ஆண்டு பிரீமியத்தில் 25 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகள் 7.5 சதவீதம், அதற்குப் பிறகு 5 சதவீதம். தகுதி பெற்றவர்களுக்கு முதல் ஆண்டில் போனஸ் கமிஷன் தனியாக வரும். ஆண்டுக்கு 30,000 ரூபாய் பிரீமியம் என்றால் முதல் ஆண்டு 7,500, பிறகு 2,250, பிறகு 1,500. புது முகவர் ஒருவர் மாதம் ஒரு கேஸ், அதாவது ஒரு பாலிசி விற்பனை, முடித்தாலே சாமர்த்தியசாலி. பன்னிரண்டு கேஸுக்கு 90,000 ரூபாய், அதாவது மாதம் 7,500. தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் ஓர் அறைக்கு வாடகை கட்டினால் மீதிக்கு டீ குடிக்கலாம்.

2024 அக்டோபருக்குப் பிறகு முதல் ஆண்டுப் பங்கைக் குறைத்து, பின் ஆண்டுகளின் பங்கைக் கூட்டியிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது. வாடிக்கையாளருக்கு நல்ல செய்தி. ஆனால் கம்பெனிகளுக்குக் கிடைத்துவந்த உள்ளீட்டு வரி வரவு (தங்கள் செலவுகளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளும் வசதி) நின்றுபோனதால், பல கம்பெனிகள் அந்தச் சுமையை முகவர் கமிஷனில் இறக்கின. எனவே சேரும் நாளில் உள்ள கமிஷன் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் நல்லா வரும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். ஆண்டுக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் டி.டி.எஸ். என்ற வருமான வரி முன்பிடித்தம் உண்டு.

நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து ஆண்டு தாக்குப்பிடித்தவருக்கு, அவர் காய்ச்சலில் படுத்திருக்கும் மாதத்திலும் ரினியூவல் கமிஷன் (பழைய பாலிசிகளின் அடுத்தடுத்த ஆண்டுப் பிரீமியத்துக்கு வருவது) வங்கிக்கு வந்துவிடும். என் மகளின் கல்லூரிக் கட்டணம் முழுக்க, நான் 2009-லும் 2010-லும் போட்ட பாலிசிகள் கட்டியதுதான்.

சொந்தக்காரர்களே ஐம்பது பேர் இருக்கிறார்கள். அதுவே போதாதா?

முதல் ஆண்டுக்குப் போதும். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. உறவுக்காரர் முகதாட்சண்யத்துக்காகக் கையெழுத்துப் போடுவார். முதல் பிரீமியத்தைக் கட்டுவார். இரண்டாவதைக் கட்டும் போது பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், ஊரில் கொடை, தங்கைக்கு வளைகாப்பு என்று ஏதாவது வரும். பதின்மூன்றாவது மாதம் பிரீமியம் வந்ததா என்பதைத்தான் கம்பெனியும் பார்க்கும், நீங்களும் பார்க்க வேண்டும்.

ஏஜென்சி எடுத்த புதிதில் என் பெரியம்மா மகனுக்கு இருபது ஆண்டு எண்டோமென்ட் ஒன்றை விற்றேன். அவர் தாராவியில் தோல் பை தைப்பவர், சீசனுக்குச் சீசன் வருமானம். அவருக்குத் தாங்காத பிரீமியம் என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் எனக்கு இன்னும் ஒரு கேஸ் தேவையாக இருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டு கட்டினார். மூன்றாவது ஆண்டு கட்டாததால் பாலிசி லேப்ஸ், அதாவது காலாவதி. அன்றைய விதிப்படி மூன்று ஆண்டு பிரீமியம் கட்டாதவருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது. இன்றும் பந்தியில் எனக்கு எதிர் இலை அமைந்துவிட்டால், ரசத்துக்குக் காத்திராமல் மோரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

2024 அக்டோபர் 1 முதல் விதி இளகியிருக்கிறது: ஓராண்டு பிரீமியத்தை முழுதாகக் கட்டியிருந்தாலே, பாலிசியை நடுவில் ஒப்படைத்தால் திரும்ப வரும் சரண்டர் தொகை ஒன்று உண்டு. அண்ணனுடைய இரண்டு ஆண்டுப் பணத்துக்கு அது உதவாது.

பக்கத்து ஏஜென்ட் முதல் பிரீமியத்தில் பாதியைத் திருப்பித் தருகிறாராம். நானும் தராவிட்டால் யார் வாங்குவார்கள்?

தரக் கூடாது. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு கமிஷனிலிருந்து தள்ளுபடி கொடுப்பதையும் தடுக்கிறது, அதை வாங்கிக்கொள்வதையும் தடுக்கிறது. அபராதம் பத்து லட்சம் ரூபாய் வரை போகலாம். நடைமுறையில் இந்த வழக்கம் மும்பை முழுக்க இருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை.

மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: 7,500-ல் பாதி போனால் 3,750. அதற்காக அந்த வீட்டுக்கு நான்கு முறை நடந்திருப்பீர்கள். தள்ளுபடிக்காக வந்தவர் அடுத்த ஆண்டு அதிகத் தள்ளுபடி தருபவரிடம் போவார். நான் "என்னிடம் அது கிடையாது, ஆனால் கிளெய்ம் வந்தால் உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன்" என்று சொல்லிவிடுவேன். பத்தில் ஆறு பேர் போய்விடுவார்கள். மற்ற நால்வரை வைத்துத்தான் என் குடும்பம் ஓடுகிறது.

டெர்ம் பாலிசியில் கமிஷன் குறைவு, எண்டோமென்டில் அதிகம். எதை விற்பது?

மனச்சாட்சியோடு மல்லுக்கட்ட வேண்டிய இடம் இது. டெர்ம் என்பது, குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி. முப்பது வயதுக்காரர் ஆண்டுக்கு 30,000 ரூபாய் எண்டோமென்டில் போட்டால் இருபது ஆண்டுப் பாலிசியில் காப்பீடு ஆறு லட்சம் போல வரும். அதே ஆளுக்கு ஒரு கோடி ரூபாய் டெர்ம் பாலிசி அதில் பாதிக்கும் குறைந்த பிரீமியத்தில் கிடைக்கும். விகிதம் ஒன்றாகவே இருந்தாலும், பிரீமியம் சிறியதாக இருப்பதால் உங்கள் கமிஷனும் சிறியதாகிவிடும். வாடிக்கையாளரோ, "ஒன்றும் ஆகாவிட்டால் பணம் திரும்ப வராதா?" என்று முகம் சுளிப்பார். விற்கவும் கடினம், கிடைப்பதும் குறைவு.

நான் வைத்திருக்கும் வரிசை இது: வீட்டில் ஒருவர் சம்பாத்தியத்தில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்றால் முதலில் டெர்ம், அடுத்து மருத்துவக் காப்பீடு, அதற்குப் பிறகும் கையில் மிஞ்சினால்தான் சேமிப்புப் பாலிசி. விதிவிலக்கும் உண்டு. கையில் பணம் தங்காத சிலர், பிஷி என்று இங்கே சொல்லும் சீட்டை எடுத்து அதே வாரம் செலவழிப்பவர்கள், பாலிசி என்ற கட்டாயம் இருந்தால்தான் சேமிக்கிறார்கள். அவர்களுக்கு எண்டோமென்டை விற்றதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. எதுவுமே கட்ட முடியாதவரை வங்கிக்கு அனுப்பி, ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சம் தரும் பிரதமரின் ஜீவன் ஜோதித் திட்டத்தில் சேரச் சொல்லுங்கள். உங்களுக்குக் கமிஷன் வராது. ஆனால் அடுத்த தெருவிலும் உங்களுக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

இந்தி அரைகுறை, மராத்தி சுத்தமாக வராது. தமிழர்களிடம் மட்டும் விற்றுப் பிழைக்க முடியுமா?

தாராவி, சயான், மாட்டுங்கா, ஆண்டாப் ஹில், செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று தமிழர்கள் இல்லாத பக்கமில்லை. ஆள் பஞ்சம் வராது. ஆனால் கிளை அலுவலகத்தில் குமாஸ்தாவிடம் பேச இந்தி வேண்டும், மாநகராட்சி கொடுக்கும் இறப்புச் சான்றிதழைப் படிக்க மராத்தி எழுத்துத் தெரிய வேண்டும். இரண்டையும் ஓராண்டில் பழகிவிடலாம்.

என் கணவர் ரயில்வேயில் இருக்கிறார். நான் ஏஜென்ட் ஆனால் அவர் வேலைக்குப் பிரச்சினை வருமா?

நீங்கள் ஆகலாம், அவர் ஆக முடியாது. அவர் தன் அலுவலகத்துக்கு முறைப்படி தெரிவித்துவிட வேண்டும். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 15-வது விதி, மனைவியோ குடும்பத்தில் வேறு யாரோ நடத்தும் காப்பீட்டு ஏஜென்சிக்காக ஊழியர் ஆள் பிடிப்பதையே விதிமீறலாகக் கருதுகிறது. ரயில்வேக்கும் இதே போன்ற விதி இருக்கிறது. பரேல் பணிமனையில் மதியச் சாப்பாட்டின்போது அவர் படிவத்தை நீட்டினால், ஒரு மொட்டைக் கடிதம் போதும். மனைவி பெயரில் ஏஜென்சி, ஓடுவதெல்லாம் கணவர் என்ற ஏற்பாடு இந்த நகரத்தில் நிறைய. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயரில் இனிஷியல் இருந்தால் என்ன பெரிய தொல்லை?

கேட்பவர் புதியவர் என்பது இந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஒரே மனிதர் ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் "எஸ். முருகன்", ஆதாரில் "முருகன் சுப்பையா", பான் அட்டையில் "சுப்பையா முருகன்", மும்பைப் பள்ளியில் படித்த மகனின் ஆவணத்தில் அப்பா பெயர் "முருகன் எஸ். நாடார்". இங்கே படிவங்கள் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் போட்டுக் கேட்கின்றன. நம்மவர் மூன்றாவது கட்டத்தை எப்படியாவது நிரப்பிவிடுகிறார். பாலிசி எடுக்கும்போது யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பணம் கொடுக்கும்போது எல்லோரும் கண்டுகொள்வார்கள்.

புரொபோசல் படிவம் நிரப்புவதற்கு முன் ஆதார், பான், வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நாமினியின் ஆதாரையும் சேர்த்துத்தான். பொருந்தவில்லை என்றால் முதலில் திருத்தம், பிறகு பாலிசி. பதினைந்து நாள் தாமதமாகும், அந்த மாத இலக்கு தவறலாம். தவறட்டும்.

"சர்க்கரை இருப்பதை எழுதாதீர்கள், பாலிசி கிடைக்காது" என்று வாடிக்கையாளரே சொல்கிறார். என்ன செய்வது?

எழுத வேண்டும். அவர் மறுத்தால் கேஸை விட்டுவிட வேண்டும். ஆயுள் பாலிசியை மூன்று ஆண்டு கடந்தபின் எந்தக் காரணத்துக்காகவும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு சொல்கிறது; இதைக் காட்டித்தான் சில முகவர்கள் மறைக்கச் சொல்கிறார்கள். அந்த மூன்று ஆண்டுக்குள் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டால்? நடுவில் லேப்ஸ் ஆகிப் புதுப்பித்திருந்தால் மூன்று ஆண்டு புதுப்பித்த நாளிலிருந்து திரும்ப எண்ணப்படும் என்பதையும் அவர்கள் சொல்வதில்லை.

மருத்துவக் காப்பீட்டில் மறைப்பதற்கு இன்று தேவையும் குறைந்துவிட்டது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்று 2024-ல் குறைத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்துக் காத்திருப்பவர் கவலையின்றி ஆஸ்பத்திரிக்குப் போவார். மறைத்தவரின் மனைவி, டிஸ்சார்ஜ் அன்று இரவு எட்டு மணிக்கு உங்களுக்குத்தான் போன் செய்வார்.

பிரீமியத்தை நானே ரொக்கமாக வாங்கிக் கட்டிவிட்டால் எல்லோருக்கும் வசதிதானே?

கம்பெனி எழுத்தில் அதிகாரம் கொடுக்காமல் வாங்காதீர்கள். நானும் தொடக்கத்தில் வாங்கினேன். ஒரு பையில் ஒன்பது வீட்டுப் பணம், ஒரு நாள் காய்ச்சல், சலுகை நாள் முடிந்து ஒரு பாலிசி லேப்ஸ். அபராத வட்டியை நான்தான் கட்டினேன். மாதத் தவணைக்குச் சலுகைக் காலம் பதினைந்து நாள், காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைக்கு முப்பது நாள். இன்று இட்லிக் கடைக்காரர்கூட யு.பி.ஐ.யில் வாங்குகிறார், அவருக்குக் கட்டவும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை கட்டிக் காட்டுங்கள்.

எல்லாம் ஆப்பில் வந்துவிட்டது. வங்கியும் விற்கிறது. இனி ஏஜென்டுக்கு என்ன வேலை?

வண்டிக் காப்பீட்டிலும் படித்த இளைஞர்களின் டெர்ம் பாலிசியிலும் வேலை குறைந்துவிட்டது; அது திரும்பாது. மற்றதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நான் ஏஜென்டாகி ஏழு மாதம். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் தாராவியில் இட்லி போடும் ஓர் அக்கா வீட்டுக்குப் போனேன். தகரப் பெட்டி முழுக்கச் சேறு. பாலிசிப் பத்திரம் ரேஷன் அட்டையோடு ஒட்டிக்கிடந்தது. அக்கா தன் இட்லித் துணியை விரித்து அதன்மேல் பத்திரத்தைப் பரப்பி, மடித்துமடித்து ஈரம் ஒற்றினார். எண் அழிந்துவிட்டது. என் நோட்டில் அந்த எண் இருந்தது. அதை வைத்துத்தான் பிணைப் பத்திரம் எழுதி நகல் பாலிசி வாங்கினோம்.

இன்று மின்னணுப் பாலிசி வந்துவிட்டது, காகிதம் நனையாது. ஆனால் கடவுச்சொல் மறந்தவர், பழைய சிம்மைத் தொலைத்தவர், ஊருக்குப் போய் முகவரி மாறியவர் இவர்களெல்லாம் இன்னும் யாரையாவது கூப்பிடத்தான் செய்கிறார்கள். என் நோட்டு இப்போது ஆறாவது.

நடுவில் விட்டுவிட்டு ஊருக்குப் போனால் பழைய கமிஷன் வருமா?

குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்து, குறைந்தபட்ச வியாபாரமும் கொடுத்திருந்தால் வரும். முகவர் இறந்தால் வாரிசுக்கும் போகும். எத்தனை ஆண்டு, எவ்வளவு வியாபாரம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்.ஐ.சி. முகவர்களுக்குப் பணிக்கொடையும் உண்டு. அதன் உச்சவரம்பை 2023 செப்டம்பரில் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தினார்கள். இரண்டாம் ஆண்டிலேயே விடுபவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் போவார்.

மாமாவுக்கு வேறொரு ஏஜென்ட் மோசமான பாலிசியை விற்றிருக்கிறார். அதை சரண்டர் செய்துவிட்டு என்னிடம் புதிது எடுக்கச் சொல்லலாமா?

பத்திரம் கைக்கு வந்து முப்பது நாள் ஆகவில்லை என்றால் மறுபரிசீலனைக் காலத்தில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். சிறு பிடித்தம் போகப் பணம் வந்துவிடும். பொய் சொல்லி விற்றிருந்தால் கம்பெனியில் எழுத்துமூலம் புகார், முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ உங்கள் பகுதிக்குரிய காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

அந்தக் காலம் கடந்துவிட்டது என்றால் மூன்று வழியையும் காகிதத்தில் எழுதுங்கள்: தொடர்ந்து கட்டினால் முதிர்வில் என்ன, கட்டுவதை நிறுத்தி, கட்டியவரைக்குமான குறைந்த தொகையோடு பாலிசியைப் பெய்டு-அப் ஆக்கினால் என்ன, சரண்டர் செய்தால் இன்று கையில் என்ன. நான்காவதாக, புதிதில் உங்களுக்கு வரும் கமிஷனையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். போன தீபாவளிக்கு முலுண்டில் என் மனைவி வழி மாமா ஒருவருக்கு இப்படி எழுதிக் காட்டினேன். பன்னிரண்டு ஆண்டு ஓடிய பாலிசி, இன்னும் மூன்று ஆண்டுதான். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான்கு வரியையும் படித்தார், நான்காவது வரியில் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். பழையதையே கட்டுவதாகச் சொன்னார். எனக்கு ஒரு கட்டிங் டீ வாங்கிக் கொடுத்து ஸ்டேஷன் வரை வந்து வழியனுப்பினார்.